13 வெற்றி, 7 தொகுதி, 699 வாக்கு

எம்.எல்.ஏ. ஒருவரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் டீக்கடையில் முதலில் விழும் கேள்வி, "எத்தனை தடவை ஜெயிச்சவர்?" என்பதுதான். யாராவது ஓர் எண்ணைச் சொல்வார்கள். அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் அரசியல்வாதியின் தேர்தல் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது.

தமிழ்நாட்டில் மு. கருணாநிதி சட்டமன்றத் தேர்தலில் 13 முறை நின்றார். 13 முறையும் வென்றார். பக்கத்துக் கேரளத்தில் கே. எம். மாணியும் 13 முறை வென்றார். எண் ஒன்றே. ஆனால் மாணி 1965 முதல் 2016 வரை கோட்டயம் மாவட்டத்துப் பாலா தொகுதியை விட்டு நகரவே இல்லை. கருணாநிதியோ 7 தொகுதிகளில் நின்றார். ஒருவர் ஒரே கிணற்றில் 50 ஆண்டு நீர் இறைத்தவர். மற்றவர் போன இடமெல்லாம் கிணறு வெட்டியவர்.

ஒரு சட்டமன்ற உறுப்பினரின் தேர்தல் கணக்கை எப்படிப் படிப்பது என்பதற்குக் கருணாநிதியின் பட்டியலைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. தொகுதி மாற்றம், மயிரிழை வெற்றி, ராஜினாமா, மேலவை, தொகுதி மறுசீரமைப்பு என்று எல்லாம் அதில் இருக்கின்றன. முதலில் பட்டியலைப் பார்த்துவிடலாம். கடைசியில் இருப்பது வாக்கு வித்தியாசம்.

1957 – குளித்தலை – 8,296
1962 – தஞ்சாவூர் – 1,928
1967 – சைதாப்பேட்டை – 20,482
1971 – சைதாப்பேட்டை – 12,511
1977 – அண்ணா நகர் – 16,438
1980 – அண்ணா நகர் – 699
1989 – துறைமுகம் – 31,991
1991 – துறைமுகம் – 890
1996 – சேப்பாக்கம் – 35,784
2001 – சேப்பாக்கம் – 4,834
2006 – சேப்பாக்கம் – 8,526
2011 – திருவாரூர் – 50,249
2016 – திருவாரூர் – 68,366

எங்கு வேண்டுமானாலும் நிற்கலாமா?

நிற்கலாம். சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட 25 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நிற்கும் தொகுதியிலேயே ஓட்டு இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஊராட்சித் தேர்தலில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே அந்த ஊரின் வாக்காளராக இருந்தாக வேண்டும். "வெளியூர்க்காரர்" என்பது பிரசாரத்தில் எடுபடும் வாதம். வேட்புமனுவைத் தள்ளுபடி செய்ய அது காரணமாகாது.

ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளில் நிற்கவும் சட்டம் இடம் தருகிறது. இரண்டிலும் வென்றால் ஒன்றை விட்டுவிட வேண்டும். 1996-ல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்பு இந்த உச்சவரம்பும் இல்லை.

அந்தத் திருத்தத்தில் சுயேச்சைகளுக்கான விதிகளும் இறுகின. அதன் அவசியத்தை மொடக்குறிச்சி தொகுதி நாட்டுக்கே எடுத்துக் காட்டியிருந்தது. 1996 சட்டமன்றத் தேர்தலில் அங்கே 1,033 பேர் களத்தில் இருந்தார்கள். வாக்குச்சீட்டு சீட்டாக இல்லை, புத்தகமாக இருந்தது. அதை அச்சடித்து முடிக்கவே அவகாசம் தேவைப்பட்டு, அந்தத் தொகுதியில் மட்டும் தேர்தல் தள்ளிப்போனது. அதன் பிறகுதான் டெபாசிட் தொகை உயர்ந்தது. அங்கீகாரம் இல்லாத வேட்பாளருக்கு 10 பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியும் வந்தது. இன்று சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குகூட வாங்காவிட்டால் அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போய்விடும். "டெபாசிட் காலி" என்கிறோமே, அது இதுதான்.

பெட்டிமேல் ஒட்டிய சின்னம்

கருணாநிதி முதலில் நின்ற 1957 தேர்தலில் ஓட்டுப் போடும் முறையே வேறு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. மறைவிடத்துக்குள் பெட்டிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னம் ஒட்டியிருக்கும். கையில் தந்த சீட்டில் எந்தக் குறியும் இட வேண்டியதில்லை. பிடித்த சின்னமுள்ள பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். சீட்டில் முத்திரை குத்தும் முறை 1962 பொதுத் தேர்தலில்தான் பரவலானது.

அன்று சென்னை மாநிலப் பேரவையில் 205 இடங்கள்; தொகுதிகளோ 167. சில தொகுதிகள் இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததால் இந்தக் கணக்கு. தி.மு.க. களத்தில் இறங்கிய முதல் தேர்தல் அது. கட்சிக்குத் தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாததால் அதன் வேட்பாளர்கள் சுயேச்சைகளாகத்தான் கணக்கில் வந்தார்கள். 32 வயதில், திரைப்பட வசனங்களால் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த கருணாநிதி, குளித்தலையில் காங்கிரஸை வென்று உள்ளே போனார். பேரவையில் அவர் முதலில் எடுத்துப் பேசியது தன் தொகுதியைச் சேர்ந்த நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினை.

ஆனால் 1962-ல் அவர் குளித்தலையில் நிற்கவில்லை. தஞ்சாவூருக்கு மாறினார். எதிரில் காங்கிரஸின் பரிசுத்த நாடார். வித்தியாசம் 1,928-தான். அதே தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். கட்சியின் பலமோ 50 ஆக உயர்ந்தது. கட்சி வளர்கிற நேரத்திலேயே அதன் தலைவர் சொந்த ஊரில் தோற்கலாம் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

350 பேர் மனம் மாறியிருந்தால்

இனி வாக்கு வித்தியாசத்துக்கு வருவோம். 1980, அண்ணா நகர். கருணாநிதியை எதிர்த்து அ.தி.மு.க.வின் டாக்டர் எச். வி. ஹண்டே. வித்தியாசம் 699.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது? 699 பேர் மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று பலரும் நினைப்பார்கள். அதில் பாதியே போதும். ஒருவர் இங்கிருந்து அங்கு மாறினால் இங்கே ஒன்று குறைகிறது, அங்கே ஒன்று கூடுகிறது. ஆக இடைவெளியில் இரண்டு போய்விடுகிறது. 350 பேர் மனம் மாறியிருந்தால் ஹண்டே வென்றிருப்பார். "13-க்கு 13" என்ற பெருமையும் பிறந்திருக்காது. ஒரு வாக்குச்சாவடியின் பட்டியலில் இருக்கும் பெயர்களைவிடக் குறைவான ஆட்கள் இவர்கள்.

அந்தக் காலத்து எண்ணும் கூடத்தை நினைத்துப் பாருங்கள். பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளைக் கலந்து, சின்னம் வாரியாகப் பிரித்து, கட்டுக் கட்டாகக் கட்டி எண்ணுவார்கள். எதிரில் முகவர்கள் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையும் குறித்துக்கொண்டே வருவார்கள். நடுவில் ஒரு சீட்டு எடுத்து வைக்கப்படும். முத்திரை இரண்டு சின்னங்களுக்கும் இடையில் கோட்டின் மேல் விழுந்திருக்கும். "இது எங்களுக்கு" என்பார் ஒருவர். "செல்லாத ஓட்டு" என்பார் இன்னொருவர். தேர்தல் அதிகாரி சீட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து ஒரு முடிவு சொல்வார். 30,000 வித்தியாசத்தில் ஜெயிக்கிறவருக்கு இந்தச் சண்டையெல்லாம் பொழுதுபோக்கு. 699-ல் தொங்கிக்கொண்டிருப்பவருக்கு ஒவ்வொரு சீட்டும் உயிர். 2001-ல்தான் தமிழ்நாடு முழுவதும் சட்டமன்றத் தேர்தலுக்கு மின்னணு இயந்திரம் வந்தது. கருணாநிதியின் 13 வெற்றிகளில் 9 சீட்டுக் காலத்தில் வந்தவை, 4 இயந்திரக் காலத்தில் வந்தவை.

கட்சியின் அலை வேறு, ஆளின் கணக்கு வேறு

வித்தியாசத்தைத் தனியாகப் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். பக்கத்திலேயே அந்த ஆண்டில் கட்சி பெற்ற இடங்களையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

1971-ல் தி.மு.க. 184 இடங்களைப் பிடித்தது. அதன் வரலாற்றிலேயே பெரிய வெற்றி அது. ஆனால் முதலமைச்சராக நின்ற கருணாநிதியின் வித்தியாசம் சைதாப்பேட்டையில் 20,482-லிருந்து 12,511-ஆகக் குறைந்தது. 2011-ல் இது தலைகீழ். கட்சி 23 இடங்களுக்குச் சரிந்து, எதிர்க்கட்சித் தகுதியைக்கூட தே.மு.தி.க.விடம் இழந்தது. அவரோ திருவாரூரில் 50,249 வாக்கில் வென்றார். 2016-லும் ஆட்சி கைக்கு வரவில்லை. அவருடைய 68,366 அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே மிகப் பெரிய வித்தியாசம்.

இரண்டும் சேர்ந்து சரிந்த ஆண்டுகளும் உண்டு. 1991-ல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட சில வாரங்களில் நடந்த தேர்தலில் தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 2 இடங்கள்தான். அப்படிப்பட்ட வெள்ளத்திலும் துறைமுகத்தில் 890 வாக்கில் கரையேறினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே தொகுதியில் வித்தியாசம் 31,991. எம்.ஜி.ஆர். மறைந்தபின் அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று பிரிந்து, காங்கிரஸும் தனியாக நின்ற 1989 அது. எதிர் ஓட்டு மூன்றாகப் பிரிந்தால் வித்தியாசம் எப்படி வீங்கும், ஒன்றுசேர்ந்தால் எப்படிச் சுருங்கும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

தொகுதியின் அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும். துறைமுகம், சேப்பாக்கம் போன்ற பழைய சென்னை நகரத் தொகுதிகள் வாக்காளர் எண்ணிக்கையில் சிறியவை. அங்கே 35,784 என்பது மலை. நகரமும் கிராமங்களும் சேர்ந்த பெரிய திருவாரூரில் அதே எண்ணின் எடை குறைவு. அதனால் இரண்டு தொகுதிகளை ஒப்பிடும்போது வித்தியாசத்தை மட்டும் பார்க்காமல், பதிவான வாக்கில் அது எத்தனை சதவீதம் என்று பார்ப்பதே நியாயம்.

தோல்வி பெரிய ஆளையும் விடாது என்பதற்குத் தமிழ்நாட்டில் சான்றுகள் நிறைய. 1967-ல் காமராஜர் சொந்த ஊரான விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கில் தோற்றார். 1996-ல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா பர்கூரில் தோற்றார். எம்.ஜி.ஆர். கடைசிவரை தோற்கவில்லை. ஆனால் அவரும் பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிபட்டி என்று இடம் மாறியவர்தான். 1984-ல் அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டியை வென்றார்.

ஆக, தோற்காமல் இருப்பதில் ஒரு பங்கு, எங்கே நிற்பது என்று முடிவெடுக்கும் திறமை. கட்சித் தலைவருக்கு அந்த முடிவு அவர் கையிலேயே இருக்கிறது. சாதாரண எம்.எல்.ஏ.வுக்கு, கட்சி எந்தத் தொகுதியைக் கொடுக்கிறதோ அதுதான். கூட்டணிக்குத் தொகுதி போய்விட்டால் அதுவும் இல்லை. ஐந்தாண்டு ஓடி ஓடி வேலை பார்த்த உறுப்பினர் கூட்டணிப் பங்கீட்டில் சீட்டு இழப்பதை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கிறோம். "தோற்காதவர்" என்ற பட்டத்தை எடை போடும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

வென்றும் அவையில் இல்லாத ஆண்டுகள்

"60 ஆண்டு எம்.எல்.ஏ." என்று மேடையில் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அப்படி வராது. 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, அடுத்த தேர்தல் வரும்வரை மாநிலத்தில் பேரவையே இல்லை. 1983-ல் இலங்கைத் தமிழர்கள் மீதான தாக்குதலைத் தடுக்க மத்திய, மாநில அரசுகள் தவறிவிட்டன என்று சொல்லிக் கருணாநிதியும் க. அன்பழகனும் பதவி விலகினார்கள். 1984 பொதுத் தேர்தலில் அவர் நிற்கவே இல்லை, மேலவைக்குப் போயிருந்தார். 1986-ல் மேலவை ஒழிக்கப்பட்டது. 1991-ல் 890 வாக்கில் வென்ற இடத்தையும், கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று விட்டுக் கொடுத்தார். அதன் பிறகு 1996-ல்தான் மீண்டும் உறுப்பினர்.

மேலவை என்ற இந்த வாசல் இன்றைய இளம் வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம். அதன் உறுப்பினர்களைப் பேரவை உறுப்பினர்கள், உள்ளாட்சி அமைப்புகள், பட்டதாரிகள், ஆசிரியர்கள் எனப் பல தரப்பினர் தேர்ந்தெடுப்பார்கள். சிலரை ஆளுநர் நியமிப்பார். 1967-ல் அண்ணா முதலமைச்சரானது இந்த வாசல் வழியாகத்தான். அவர் அந்தத் தேர்தலில் நின்றது தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில். எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாத ஒருவர் 6 மாதம்வரை அமைச்சராக இருக்கலாம் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அந்த அவகாசத்துக்குள் அண்ணா மேலவைக்குப் போனார்.

உறுப்பினர் பதவியைக் காப்பாற்றிக்கொள்ளவும் விதி உண்டு. அவையின் அனுமதி இல்லாமல் தொடர்ந்து 60 நாள் கூட்டங்களுக்கு வராவிட்டால் அந்த இடம் காலி என்று அவை அறிவிக்கலாம். முதுமையில் கருணாநிதி சக்கர நாற்காலியில் வந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுத் திரும்பியது அந்நாளில் செய்தியானது. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இருந்தது இந்த விதிதான்.

சொந்த ஊருக்கு வந்த தொகுதி

பட்டியலில் இன்னொரு புதிர் இருக்கிறது. பள்ளிப் பருவத்தையும் அரசியல் தொடக்கத்தையும் கழித்த திருவாரூரில் அவர் ஏன் 87 வயதை நெருங்கும்போது, 2011-ல்தான் முதன்முதலாக நின்றார்?

அதற்கு முன்பு நின்றிருக்க முடியாது. 2006 தேர்தல்வரை திருவாரூர் தனித்தொகுதி. பட்டியல் சாதியினர் மட்டுமே அங்கே போட்டியிடலாம். ஓட்டு மட்டும் எல்லோரும் போடலாம். 1970-களில் வரைந்த எல்லைகள்தான் 2006-வரை நடைமுறையில் இருந்தன. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2008-ல் வந்த தொகுதி மறுசீரமைப்பில் எல்லைகள் மாறின. எவை தனித்தொகுதி என்ற பட்டியலும் மாறியது. இன்று 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. அந்த மாற்றத்தில் திருவாரூர் பொதுத்தொகுதி ஆனது. சேப்பாக்கம் திருவல்லிக்கேணியோடு சேர்ந்து வேறு உருவம் எடுத்தது. ஒரு கதவு அடைபட்ட நேரத்தில் இன்னொன்று திறந்தது.

மறுசீரமைப்பு என்றால் ஏதோ வரைபட வேலை என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் அது சிலரின் தொகுதியைக் காணாமல் செய்கிறது. சிலருக்குச் சொந்த ஊரைத் திருப்பிக் கொடுக்கிறது.

உங்கள் எம்.எல்.ஏ.வின் கணக்கைப் படிக்க

உங்கள் தொகுதி உறுப்பினரின் வரலாற்றை இப்படிப் படிக்கத் தேர்தல் ஆணையம் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கைகளே போதும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய வாக்கு அதில் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. எத்தனை முறை வென்றார் என்பதோடு எத்தனை தொகுதியில் வென்றார்? ஜெயித்த ஆண்டில் கட்சியின் நிலை என்ன? எதிர் ஓட்டு எத்தனையாகப் பிரிந்தது? எல்லை மாறிய பின்பும் தாக்குப்பிடித்தாரா?

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதற்கு மட்டும் அவர் இருக்கும்வரை விடை கிடைக்காது. விழுந்த ஓட்டு ஆளுக்கா, கட்சிக்கா?

கருணாநிதி 2018 ஆகஸ்ட் 7-ல் மறைந்தார். காலியான இடத்தைப் பொதுவாக 6 மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். திருவாரூருக்கு 2019 ஜனவரி 28 என்று நாள் குறித்தார்கள். கஜா புயல் நிவாரண வேலைகள் முடியாததால் அது ரத்தானது. ஏப்ரலில் மக்களவைத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல் நடந்தது. தி.மு.க.வின் பூண்டி கலைவாணன் 60 ஆயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். தலைவர் வாங்கிய வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. 2021-லும் தொகுதி கை மாறவில்லை.

மாணி மறைந்தது 2019 ஏப்ரலில். அதே ஆண்டு செப்டம்பரில் பாலாவில் இடைத்தேர்தல். மாணியின் மகனுக்கும் கட்சியின் மூத்த தலைவருக்கும் இடையே மூண்ட சண்டையில், பாலா மக்கள் பார்த்துப் பழகிய இரட்டை இலைச் சின்னமே மாணியின் கட்சி வேட்பாளருக்குக் கிடைக்கவில்லை. மாணியிடம் 2016-ல் 4,703 வாக்கில் தோற்றிருந்த மாணி சி. காப்பன் இப்போது 2,943 வாக்கில் வென்றார். தொகுதி உருவான நாள் முதல் ஒருவரையே அனுப்பிய பாலா, முதன்முதலாக வேறொருவரை அனுப்பியது. 2021-ல் மாணியின் மகனே நேரில் வந்து நின்றார். அவரும் காப்பனிடம் தோற்றார்.